வளவு வீட்டு அலாரம்: இரண்டாங்கட்டில் வைத்த எக்ஸ்பான்டரும் இடம் மாறிய ரெசிஸ்டர்களும்

காரைக்குடிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில், முன்தெருவில் தொடங்கிப் பின்தெருவில் முடியும் பழைய நகரத்தார் வீடு ஒன்றின் திருட்டு அலாரத்தைச் சரிசெய்து தரும்படி சென்ற சித்திரையில் அழைப்பு வந்தது. வீட்டில் யாரும் குடியில்லை. வீட்டில் பங்குள்ள நான்கு புள்ளிகளில், அதாவது குடும்பங்களில், மூவர் சென்னையிலும் ஒருவர் கோலாலம்பூரிலும் இருக்கிறார்கள். பொங்கலுக்கும் முன்னோருக்குப் போடும் படைப்புக்கும்தான் வீடு முழுதாகத் திறக்கப்படுகிறது. காவலுக்கு இருக்கும் பெரியவர் குறையை இரண்டே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்: "கரண்டு போனாப் போதும் தம்பி, பின்கட்டுல ஈ காக்கா இல்லாதப்பவே கத்துது. ஊரே எழுந்து வருதுன்னு நானே அமத்திப் போட்டுட்டேன்." ஆறு ஆண்டுகளுக்கு முன் வேறொருவர் பொருத்திய அந்த அலாரம், கடைசி ஓராண்டாக அணைத்தே கிடந்திருக்கிறது.

பெட்டிக்குள் இருந்தது அலாரத்தின் மூளையான பேனல், டிஎஸ்சி நிறுவனத்தின் பவர்சீரிஸ் 1832. பலகையிலேயே எட்டு ஜோன்கள், அதாவது சென்சார் கம்பிகளைத் தனித்தனி எண்ணில் இணைக்கும் இடங்கள்; கூடுதல் பலகைகள் சேர்த்தால் 32 வரை போகலாம். நல்ல பேனல்தான், அதில் குறை எதுவும் இல்லை. குறை எல்லாம் அதிலிருந்து புறப்பட்ட கம்பிகளில் இருந்தது. மூடியைத் திறந்தவுடன் கண்ணில் பட்டவை, ஜோன் முனைகளில் வரிசையாகத் தொங்கிக்கொண்டிருந்த ரெசிஸ்டர்கள் (மின்தடைகள்). பச்சை, நீலம், சிவப்பு, பொன் என்று வளையம் போட்ட 5.6 கிலோ ஓம் ரெசிஸ்டர்கள், ஒவ்வொரு ஜோனுக்கும் ஒன்று, அத்தனையும் பெட்டிக்குள்ளேயே இருந்தன. லைனின் கடைசி முனையில், கதவோரம் இருக்க வேண்டிய பொருள் அது. பெட்டிக்குள் வைத்தால் வேலை சீக்கிரம் முடியும், ஏணி ஏற வேண்டாம், அலாரத்தை இயக்கும் எண் பலகையான கீபேடில் பச்சை விளக்கும் எரியும். இந்தப் பக்கத்தில் நான் திறந்து பார்த்த பெட்டிகளில் பாதிக்கும் மேல் இப்படித்தான் இருந்திருக்கின்றன என்பதால் எனக்கு வியப்பு ஏற்படவில்லை, எரிச்சல்தான் ஏற்பட்டது.

அது ஏன் தவறு என்பதைப் பெரியவருக்குச் செய்தே காட்டினேன். பின்தெருக் கதவின் மேல் இருந்த மேக்னட் சென்சாரின் இரண்டு கம்பிகளையும் அரை அங்குலம் தோல் உரித்து, ஒரு குண்டூசியை இரண்டுக்கும் குறுக்கே வைத்துவிட்டுக் கதவை அகலத் திறந்தேன். முகப்பில் இருந்த கீபேடில் எந்த அசைவும் இல்லை. ஆர்ம் செய்ய, அதாவது காவலுக்கு வைக்க, தயார் என்றே காட்டிக்கொண்டிருந்தது. ரெசிஸ்டர் பேனலில் இருப்பதால், அதற்கு வெளியே உள்ள 64 மீட்டர் கம்பியை எந்த இடத்தில் சேர்த்துக் கட்டினாலும் பேனலுக்குத் தெரிவது அதே 5.6 கிலோ ஓம்தான். ரெசிஸ்டர் கதவோரம் இருந்திருந்தால், நான் குண்டூசி வைத்த நொடியில் சுற்றின் தடை பூஜ்யத்துக்கு விழுந்து பேனல் விழித்திருக்கும். பெரியவர் குண்டூசியை வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கா ஆறு வருஷம்?" என்றார்.

இரண்டாவது சிக்கல் இந்த வீட்டுக்கே உரியது. பின்பகுதியில் இருந்த ஆறு கதவுகளையும், அதாவது வளவை (நடு முற்றத்தை) ஒட்டிய நான்கு சாமான் அறைகள், அடுப்படிக் கதவு, பின்தெருக் கதவு ஆகிய எல்லாவற்றையும் ஒரே தொடராகக் கோத்து ஜோன் 6 என்று கொடுத்திருந்தார்கள். அறை ஒவ்வொன்றும் ஒவ்வொரு புள்ளிக்கு உரியது, சாவியும் அவரவரிடம். அலாரம் அடித்தால் கீபேடில் 6 என்று வரும். யாருடைய அறை திறந்தது என்பது தெரியாது. இதனால் ஒருமுறை பங்காளிகளுக்குள் மனத்தாங்கல் வரை போனது என்று பின்னர் கேள்விப்பட்டேன். ஆகவே ஆறு கதவுக்கும் ஆறு ஜோன், பின்கட்டின் இரண்டு மோஷன் சென்சார்களுக்கும் தனித்தனி ஜோன் என்று எட்டு ஜோன் கூடுதலாகத் தேவைப்பட்டது. பேனலில் எட்டுமே நிரம்பியிருந்தன. எட்டு ஜோன் தரும் 5108 எக்ஸ்பான்டர் பலகை ஒன்று போதும்.

அந்தப் பலகையை எங்கே வைப்பது என்பதில்தான் இந்த வேலையின் பாதி அடங்கியிருந்தது. பேனலுக்குப் பக்கத்திலேயே முகப்பில் வைத்துவிடுவதுதான் வழக்கம். ஆனால் அப்படி வைத்தால் எட்டு ஜோனின் கம்பிகளும் வீட்டின் முழு நீளத்தையும் கடந்து முன்னால் வர வேண்டும். இந்த வீட்டின் சுவர்கள் முட்டை வெண்கரு சேர்த்துத் தேய்த்த சுண்ணாம்புப் பூச்சு, தரை ஆத்தங்குடிக் கல். சுவரைக் கொத்தவும் முடியாது, தரையைப் பெயர்க்கவும் முடியாது. எக்ஸ்பான்டரை வீட்டின் நடுவில், இரண்டாங்கட்டின் ஓரத்தில் விளக்குச் சாமான் வைக்கும் சிறு அறையில் வைத்தால், பேனலிலிருந்து அதுவரை நான்கே நான்கு கம்பிகள் போதும். அங்கிருந்து எந்தக் கதவும் 26 மீட்டருக்கு மேல் தள்ளி இல்லை. பேனலிலிருந்து அந்த அறைக்குக் கம்பி போகும் வழியை நூல் பிடித்து அளந்ததில் 38 மீட்டர் வந்தது.

அந்த நான்கு கம்பிகளைத்தான் கீபஸ் என்கிறார்கள்: சிவப்பு, கறுப்பு, மஞ்சள், பச்சை. சிவப்பும் கறுப்பும் மின்சாரம். மஞ்சளும் பச்சையும் பேனலும் பலகைகளும் பேசிக்கொள்ளும் வழி. கீபேடும் எக்ஸ்பான்டரும் இதே நான்கில்தான் தொங்குகின்றன. எந்தப் பலகையும் பேனலிலிருந்து 305 மீட்டருக்கு மேல் தள்ளி இருக்கக் கூடாது, எல்லாக் கிளைகளும் சேர்ந்து 915 மீட்டரைத் தாண்டக் கூடாது என்பது தயாரிப்பாளர் வைத்த வரம்பு. நடுவில் கிளை பிரிக்கலாம், ஒன்றிலிருந்து ஒன்றாகத் தொடரலாம், தனித்தனியாகப் பேனலுக்கே இழுக்கலாம், எல்லாம் ஒன்றுதான். இந்த வீட்டுக்கு அந்த வரம்பு ஒரு பொருட்டே இல்லை. எனக்குக் கவலை தந்தது தூரம் அல்ல, வோல்ட்டேஜ்.

கரண்டு போனால் மட்டும் பின்கட்டு கத்தியதற்கும் காரணம் அதுதான். பழைய ஆள் டெலிபோன் கம்பியை இழுத்திருந்தார். அதன் செம்பு அரை மில்லிமீட்டர் விட்டம் கொண்டது, கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 88 ஓம். 64 மீட்டர் போய் வந்தால் 128 மீட்டர், ஆக 11 ஓமுக்குச் சற்று மேல். பின்னால் இருந்த கீபேடுக்கு அதிகபட்சம் 125 மில்லி ஆம்பியர், இரண்டு மோஷன் சென்சாருக்கு ஆளுக்கு 20 என்று வைத்தால் 165 மில்லி ஆம்பியர். வழியிலேயே 1.9 வோல்ட் தொலைகிறது. மின்சாரம் இருக்கும்போது பேனல் 13.8 வோல்ட் தருவதால் பின்னால் பன்னிரண்டு வோல்ட்டுக்குக் கொஞ்சம் குறைவாகப் போய்ச் சேரும், யாருக்கும் எதுவும் தெரியாது. மின்சாரம் நின்று பேட்டரிக்கு மாறிச் சில மணி நேரம் ஆனால் புறப்படும்போதே 11.8தான், கணக்குப்படி பின்னால் 9.9 வர வேண்டும். நான் ட்ரான்ஸ்ஃபார்மரைப் பிடுங்கிவிட்டு, பேட்டரி அந்த அளவுக்கு இறங்கும் வரை காத்திருந்து அளந்தபோது அடுப்படி நடையின் சென்சாரில் மீட்டர் காட்டியது 8.7. மீதி 1.2 வோல்ட்டை வழியில் இருந்த முறுக்கு ஜாயின்ட்கள் தின்றிருந்தன. அந்தச் சென்சாருக்குக் குறைந்தது 9.5 வோல்ட் வேண்டும் என்று அதன் மூடிக்குள்ளேயே அச்சிட்டிருந்தது. அதற்குக் கீழே போனால் அதன் ரிலே பிடி விடுகிறது. பேனலுக்கு அது ஆள் நடமாட்டம். மாதாந்திரப் பராமரிப்புக்கென்று காலையிலிருந்து மாலை வரை மின்சாரத்தை நிறுத்தும் நாட்களில் பிற்பகலில் அலாரம் அடித்ததன் மர்மம் இவ்வளவுதான்.

ஆகவே சிவப்புக்கும் கறுப்புக்கும் 1 சதுர மில்லிமீட்டர் இரட்டைக் கம்பி, மஞ்சளுக்கும் பச்சைக்கும் 0.5 சதுர மில்லிமீட்டர் கம்பி என்று முடிவு செய்து, இரண்டையும் ஒரே பிவிசி பைப்பில் கொண்டுபோனேன். 38 மீட்டர் போய் வர ஒன்றரை ஓம்கூட இல்லை. எக்ஸ்பான்டரின் 30 மில்லி ஆம்பியரையும் சேர்த்து 195 மில்லி ஆம்பியர் ஓடினாலும் இழப்பு 0.3 வோல்ட்டுக்குள் அடங்கிவிடும். மொத்தக் கணக்கையும் அப்போதே போட்டு வைத்தேன்: இரண்டு கீபேட் 250, எக்ஸ்பான்டர் 30, நான்கு மோஷன் சென்சார் 80, ஆக 360 மில்லி ஆம்பியர்; பேனல் வெளியே தரக்கூடியது 700. பேனல் பலகையின் சொந்தச் செலவு சுமார் 110 சேர்ந்தால் 470. பேட்டரி 7 ஆம்பியர் மணி. ஏட்டுக் கணக்கில் கிட்டத்தட்ட பதினைந்து மணி நேரம் வரும் என்றாலும், வெயிலில் வேகும் ஊரில் இரண்டு வயதான பேட்டரிக்கு அதில் பாதியைத்தான் நான் நம்புவேன். பராமரிப்பு நாளின் எட்டு மணி நேரத்துக்கு அது மிக இறுக்கமான கணக்கு என்பதால், புதுப் பேட்டரி வாங்கித் தேதி எழுதி ஒட்டினேன்.

பைப் போக இடம் தேடியதில் ஒரு முழு நாள் போனது. கடைசியில் வளவைச் சுற்றியுள்ள தாழ்வாரத்தின் உத்தரத்துக்கு மேல், சுவருக்கும் மரத்துக்கும் இடையே நான்கு விரல் அகலத்தில் ஓடிய சந்து கிடைத்தது. அந்தச் சுவரில் ஏற்கெனவே 230 வோல்ட் கம்பி ஓடியதால் அதற்கு ஒரு முழம் விலகியே போனேன். குறுக்கே கடக்க வேண்டிய இரண்டு இடங்களில் செங்குத்தாகக் கடந்தேன். சந்துக்குள் பழைய டெலிபோன் கம்பியைச் சுற்றி அணில் கூடு கட்டியிருந்தது. கம்பித் தோலில் பல் தடம் தெளிவாகத் தெரிந்தது.

கம்பி இழுத்த பிறகு முனை பொருத்தும்போது ட்ரான்ஸ்ஃபார்மரை மட்டுமல்ல, பேட்டரியின் சிவப்பு முனையையும் கழற்றிவிட்டேன். பேட்டரி இருக்கும்போது சிவப்புக் கம்பியின் ஒரு இழை மஞ்சள் முனையில் உரசினால் போதும், பேனலின் பேச்சே நின்றுபோகும் அபாயம் உண்டு. பல வருடங்களுக்கு முன் வேறோர் இடத்தில் அந்தப் பாடத்தைக் காசு கொடுத்துப் படித்திருக்கிறேன். எக்ஸ்பான்டர் பலகையில் மூன்று ஜம்பர்கள் (செருகிக் கழற்றும் சிறு இணைப்புகள்) உண்டு. அவை அந்தப் பலகையின் எட்டு முனைகளுக்கும் எந்த எட்டு எண்கள் என்று தீர்மானிக்கின்றன. 9 முதல் 16 வரை என்று வைத்தேன். பின்னாளில் இன்னொரு பலகை சேர்ப்பவர் அதே இடத்தில் வைத்துவிடக் கூடாது என்பதற்காகப் பெட்டியின் மூடியில் "9–16" என்று பெயின்ட் பேனாவால் எழுதினேன்.

இனி சென்சார் சுற்றுகள். ஒற்றை ரெசிஸ்டருக்குப் பதில் இரட்டை ரெசிஸ்டர் முறைக்குப் போவதென்று முன்பே தீர்மானித்திருந்தேன். கதவுத் தொடுப்புக்கு இணையாக ஒரு 5.6 கிலோ ஓம், அதற்குப் பின் தொடராக இன்னொரு 5.6 கிலோ ஓம், இரண்டும் கதவோரத்திலேயே. கதவு மூடியிருந்தால் இணை ரெசிஸ்டர் குறுக்குவழியில் விடுபட்டுப் பேனலுக்கு 5.6 தெரியும். கதவு திறந்தால் இரண்டும் சேர்ந்து 11.2 தெரியும். யாராவது கம்பியைச் சேர்த்துக் கட்டினால் பூஜ்யம், அது கோளாறு. கம்பியை வெட்டினால் முடிவிலி, அது டேம்பர், அதாவது யாரோ கை வைத்திருக்கிறார்கள் என்ற எச்சரிக்கை. நான்கு நிலைமைக்கும் நான்கு வெவ்வேறு பதில். ஒற்றை ரெசிஸ்டரில் கதவு திறந்ததற்கும் கம்பி அறுந்ததற்கும் வித்தியாசம் தெரியாது. ஆளில்லாத வீட்டில், கோலாலம்பூரிலிருந்து ஒருவர் தொலைபேசியில் கேட்கும் முதல் கேள்வியே அதுதான்.

இதில் ஒரு தொல்லை உண்டு. இரட்டை ரெசிஸ்டர் என்பதைப் பேனலில் 013 என்ற பகுதியில் இரண்டாவது விருப்பமாகப் போட வேண்டும். அது மொத்தச் சிஸ்டத்துக்கும் பொருந்தும்.  அதனால் நன்றாக ஓடிக்கொண்டிருந்த முகப்பு ஜோன்கள் அனைத்தையும் திறந்து ரெசிஸ்டர்களைக் கதவோரம் மாற்ற வேண்டியதாயிற்று. அதற்கு முன்பே அவசரப்பட்டு அந்த விருப்பத்தைப் போட்டுவிட்டதால், முகப்புக் கதவைத் திறந்த பெரியவருக்குக் கதவு திறந்தது என்று வராமல் டேம்பர் என்று வந்தது. அவருக்கு அந்தச் சொல் புரியவில்லை. எனக்கு என் அவசரம் புரிந்தது. கூலி பேசும்போது கணக்கில் எடுக்காத ஒரு நாள் அதில் கூடிற்று.

மேக்னட் பொருத்துவதற்கு வந்தால், இங்குள்ள கதவுகள் எல்லாம் பர்மாத் தேக்கில் செய்த இரட்டைக் கதவுகள். சென்னையிலிருந்து மேற்பார்வைக்கு வந்திருந்த ஆச்சி முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள்: "தம்பி, நிலையில புதுசா ஒரு துளைகூட விழப்படாது. எங்க ஐயா கப்பல்ல கொண்டுவந்த மரம்." மேலே நிமிர்ந்து பார்த்தபோதுதான் வழி தெரிந்தது. ஒவ்வொரு நிலையின் மேல் சட்டத்திலும், தலைமுறை தலைமுறையாக மாவிலைத் தோரணம் கட்ட அடித்த ஆணிகளின் துளைகள் வரிசையாக இருந்தன. அந்தத் துளைகளுக்குப் பொருந்துமாறு சிறு பித்தளைத் திருகாணிகளை வாங்கி, சென்சாரின் தட்டையான பிளாஸ்டிக் அடித்தளத்தில் துளையின் இடத்தை மாற்றிப் போட்டு, காந்தம் அருகில் வந்தால் மூடிக்கொள்ளும் ரீட் சுவிட்ச் உள்ள பாதியை நிலையில் பொருத்தினேன். காந்தம் உள்ள பாதி கதவின் உட்புறத்தில் இருப்பதால் வலுவான இருபுற டேப் போதுமானதாக இருந்தது. ஆச்சி கண்ணாடி போட்டுக்கொண்டு வந்து எண்ணிப் பார்த்தார்கள். புதுத் துளை எதுவும் இல்லை.

இரட்டைக் கதவில் ஒரு பக்கத்துக்கு மட்டும் மேக்னட் வைப்பது பலரும் செய்யும் சிக்கனம். மறுபக்கத்தைக் கீழ்த் தாழ்ப்பாள் பிடித்திருக்கிறது என்பார்கள். தாழ்ப்பாளை நெம்பிவிட்டு அந்தப் பக்கத்தை மட்டும் திறந்தால் அலாரம் தூங்கும். இரு பக்கத்துக்கும் ஒவ்வொன்று வைத்து இரண்டையும் தொடராக இணைத்து, அந்தத் தொடருக்கு மொத்தமாக இணை ரெசிஸ்டர் ஒன்று கொடுத்தேன். எது திறந்தாலும் 11.2 வரும். முகப்பு ஜன்னல்களில் நெருக்கமாக இரும்புக் கம்பிகள் உள்ளன. இரும்பை ஒட்டிக் காந்தம் வைத்தால் அதன் வீச்சு குறுகிவிடும். அங்கே கம்பியிலிருந்து தள்ளி, மரப் பலகைக் கதவின் வெளி ஓரத்தில் வைத்ததும் சரியாயிற்று. தேக்கு மழைக் காலத்தில் உப்பிக் கோடையில் சுருங்குவதால், எல்லா இடத்திலும் இடைவெளி சற்று அதிகம் தாங்கும் வகையைத்தான் வாங்கினேன். சித்திரை வெயிலில் பொருத்திய இடைவெளி ஐப்பசியில் அப்படியே இருக்காது.

மோஷன் சென்சாருக்குள் வேலை இன்னும் நெருக்கமானது. மூடியைத் திறந்தால் இரண்டு முனை மின்சாரத்துக்கு, இரண்டு அலாரம் ரிலேவுக்கு, இரண்டு டேம்பருக்கு. ஒரு ரெசிஸ்டரை அலாரம் முனைகள் இரண்டுக்கும் குறுக்கே வைத்து, அதில் ஒரு முனையிலிருந்து டேம்பருக்கு ஒரு சிறு பாலம் போட்டு, டேம்பரின் மறுமுனையிலிருந்து இன்னொரு ரெசிஸ்டர் வழியாகக் கம்பிக்குச் செல்ல வேண்டும். ரெசிஸ்டரின் கால்கள் வெறும் கம்பி. மூடியை அழுத்தும்போது வளைந்து பக்கத்து முனையைத் தொடும். காலை நறுக்கி, மெல்லிய ஸ்லீவ் போட்டு, வெப்பம் காட்டிச் சுருக்கியபின்தான் திருகினேன். திருகாணிக்கு அடியில் கம்பியின் தோலும் சேர்ந்து சிக்கியிருக்கிறதா என்று ஒவ்வொன்றையும் மெல்ல இழுத்துப் பார்ப்பது என் பழக்கம். இரண்டு கம்பிகள் கையோடு வெளியே வந்தன.

எக்ஸ்பான்டரில் எதையும் சொருகுவதற்கு முன், எல்லாச் சுற்றையும் தனித்தனியே மல்டிமீட்டரால் அளந்து நோட்டில் எழுதினேன். கம்பி பேனலிலோ எக்ஸ்பான்டரிலோ செருகியிருக்கும்போது அளந்தால், பலகை தரும் மின்சாரம் மீட்டரைக் குழப்பும். இரு முனையும் காற்றில் இருக்க வேண்டும். கதவு மூடிய நிலையில் ஒரு அளவு, திறந்த நிலையில் ஒரு அளவு. ஜோன் 9: 5.58, 11.15. ஜோன் 10: 5.61, 11.19. ஜோன் 12: 5.57, 11.14. ஜோன் 13இல் மூடியபோதே 56 கிலோ ஓம் வந்து நின்றது. கம்பியைச் சந்தேகித்து அரை மணி நேரம் அடுப்படிக்கும் இரண்டாங்கட்டுக்கும் நடந்தேன். கடைசியில் கதவோரம் போய் டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால், பச்சை, நீலம் சரிதான். மூன்றாவது வளையம் சிவப்பு அல்ல, ஆரஞ்சு. 56 கிலோ ஓம். அடுப்படியின் மங்கலான மஞ்சள் பல்பின் கீழ் இரண்டும் ஒரே நிறம். மாற்றியதும் 5.6 வந்தது. அன்றிலிருந்து பையில் உள்ள ரெசிஸ்டர் ஒவ்வொன்றையும் மீட்டர் தொட்டபின்தான் எடுக்கிறேன்.

ஜோன் 11தான் என்னை உண்மையில் படுத்தியது. அந்த அறையின் கம்பி மட்டும் சுவருக்குள் புதைத்த பழைய பைப்பில் போகிறது. புதுக் கம்பி இழுக்கப் பார்த்தால் பழையது அசையவில்லை; சுவரைத் தொட அனுமதியில்லை. பழையதையே வைத்துக்கொள்வதைத் தவிர வழியில்லை. காலையில் அளந்தபோது 5.6 என்று ஒழுங்காகக் காட்டியது, பிற்பகலில் 7.5க்குப் போயிருந்தது, உதவிக்கு வந்த தம்பி ஏணியைச் சுவரில் சாய்த்தபோது 6க்கு இறங்கியது. 5.6க்கும் 11.2க்கும் நடுவே இப்படி ஊசலாடும் சுற்று, என்றாவது நள்ளிரவில் கதவு திறந்ததாகச் சொல்லும்.

ரெசிஸ்டர்களைக் கழற்றி, கதவோரத்தில் இரு கம்பியையும் சேர்த்து முறுக்கிவிட்டு இந்த முனையில் அளந்தேன். ஒன்றிரண்டு ஓம் காட்ட வேண்டிய இடத்தில் 1,900 காட்டி ஆடியது. ஆக, குறை கம்பியின் பாதையில்தான். மீட்டரைப் பிடித்துக்கொண்டு தம்பியை விரல் மடித்துச் சுவரை ஓரமாகத் தட்டிக்கொண்டே போகச் சொன்னேன். அறை வாசலுக்கு இரண்டு முழம் இந்தப் பக்கம் தட்டியபோது எண் துள்ளியது. அந்த இடத்தில் சுண்ணாம்பு லேசாக மேடாக இருந்தது. நகத்தால் சுரண்டினால் ஒரு வட்ட மர மூடி. பல வெள்ளையடிப்புகள் அதை மறைத்திருந்தன. உள்ளே முறுக்கி டேப் சுற்றிய ஜாயின்ட். டேப் பசையாக உருகி, செம்பு பாசிப்பச்சையாகப் பூத்திருந்தது. பச்சையை உப்புத்தாளால் சுரண்டி, ஈயம் வைத்து, ஸ்லீவ் போட்டு மூடியபின் அளந்தால் 1.3 ஓம். வெள்ளையடித்த மூடியை மறுபடி அப்படியே வைத்தோம். ஆனால் அதன் இடத்தை நோட்டில் அளவோடு வரைந்துவைத்தேன்.

பிறகு மின்சாரம் கொடுத்தோம். பேனல் தானாகவே கீபஸில் உள்ள பலகைகளைத் தேடிப் பதிந்துகொள்கிறது. அடுத்து வகைப்படுத்தல். 001 என்ற பகுதியில் ஜோன்களுக்கு வகை எண் கொடுக்க வேண்டும். 9 முதல் மேலே உள்ளவை பேனல் புதிதாக வரும்போது வெறுமையாக இருக்கும். கதவுகளுக்கு உடனடி வகையான 03, மோஷன் சென்சார்களுக்கு உள்ளறை வகையான 04, காலியாகிவிட்ட 6க்கும் 7க்கும் 00. எல்லாம் கொடுத்துவிட்டுச் சாமான் அறைக் கதவைத் திறந்தால் கீபேடில் மூச்சே இல்லை. எக்ஸ்பான்டரின் கம்பியில் கை வைக்கப் போனவன், நல்லவேளையாக நின்று யோசித்தேன். ஜோனுக்கு வகை கொடுத்தால் போதாது, அது எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்றும் சொல்ல வேண்டும். முதல் எட்டு ஜோனும் முதல் பிரிவில் தாமாகவே சேர்ந்திருக்கும். அடுத்த எட்டுக்கு 203இல் போய் ஒவ்வொன்றாக ஏற்ற வேண்டும். ஏற்றியதும் 9 எரிந்தது.

ஆள் இல்லாத வீட்டுக்கு மிக முக்கியமான சோதனை இனிதான். எக்ஸ்பான்டரின் பச்சைக் கம்பியை மட்டும் கழற்றினேன். சிறிது நேரத்தில் கீபேடு பீப் ஒலித்துக் கோளாறு விளக்கு எரிந்தது. நட்சத்திரமும் 2ம் அழுத்தி, 1ஐத் திறந்து பார்த்தால் உள்ளே 5: ஒரு பலகை காணவில்லை. யாராவது இரண்டாங்கட்டுக்குப் போகும் பைப்பையே வெட்டினாலும் எட்டு ஜோனும் சத்தமின்றிச் செத்துவிடாது என்பது உறுதியாயிற்று. பச்சையை மறுபடி சொருகியதும் விளக்கு அணைந்தது.

ட்ரான்ஸ்ஃபார்மரைப் பிடுங்கி, இரவு முழுவதும் பேட்டரியில் விட்டேன். காலை ஆறரைக்குப் பேனலில் 12.2 வோல்ட், எக்ஸ்பான்டரில் 11.9, அடுப்படி நடை சென்சாரில் 11.8. இரவில் ஒருமுறையும் அடிக்கவில்லை என்று பெரியவர் சொன்னார். திண்ணையில் படுத்து அதையே கேட்டுக்கொண்டிருந்ததாகவும் சொன்னார். செல்போன் இணைப்பு வழியாக வெளிநாட்டுக்கு அழைக்கும் ஜிஎஸ்எம் கருவி ஏற்கெனவே இருந்தது. அதன் எண்களை மட்டும் மாற்றினேன்.

பெரியவருடன் ஒவ்வொரு கதவாக நடந்தோம். அவர் திறப்பார், நான் முகப்பிலிருந்து எண்ணைக் கத்துவேன். பத்தைத் திறந்துவிட்டு, "இது பெரியவுக வீடு, பத்து" என்று அவரே சொல்ல ஆரம்பித்துவிட்டார். எண்ணும் அறையும் அளவும் எழுதிய தாளை லேமினேட் செய்து பேனல் மூடியின் உட்புறம் ஒட்டியிருக்கிறேன். அதில் ஜோன் 11க்கு எதிரே மட்டும் பென்சிலால் 5.59 என்று எழுதி, பக்கத்தில் ஒரு கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். ஐப்பசி மழை ஒரு வாரம் விடாமல் பெய்த பிறகு வந்து, அதே கம்பியை அளந்து அந்தக் கட்டத்தை நிரப்புவதாக ஆச்சியிடம் சொல்லியிருக்கிறேன்.